கழுத்துக்குக் கீழே தெரிந்த சிநேகிதிகள்

ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நான் செய்கிற முதல் வேலை, வாட்ஸ்அப் குரூப்பில் இன்றைக்கு யார் யாரைத் திட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான். போச்சம்பள்ளி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே லாக்கரில் பூட்டிவிட வேண்டும். அதனால் பகல் முழுக்கப் பேசிய பேச்சு சாயங்காலம் ஒரே மூச்சில் வந்து கொட்டும். ஒருத்தி ப்ளவுஸுக்கு லைனிங் துணி பற்றவில்லை என்று புலம்பியிருப்பாள். ஒருத்தி மச்சினி கல்யாணத்துக்கு எதைக் கட்டுவது என்று நாலு சேலையைக் கட்டில்மேல் விரித்துப் படம் போட்டிருப்பாள். இன்னொருத்திக்குத் தைராய்டு மாத்திரை போட்ட உடனே காபி குடிக்கலாமா என்று சந்தேகம். 'இடுப்பு வலிக்குது' என்று யாராவது போட்டுவிட்டால் போச்சு, ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எல்லா வைத்தியத்திலும் வெந்தயம் இருக்கும்.

குரூப்பை ஆரம்பித்தவர் ஓசூர் அக்கா. வீட்டிலிருந்தே சேலை விற்பவர். வீட்டுக்குள் கன்னடம், வியாபாரத்துக்குத் தமிழ், பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டைக்குத் தெலுங்கு என்று மூன்றையும் தயாராக வைத்திருப்பார். நாங்கள் எல்லாரும் அவரிடம் சேலை வாங்க வந்து சேர்ந்தவர்கள். போகப் போக வாங்குவது குறைந்து பேச்சு பெருத்துவிட்டது. "அய்யோ தேவ்ரே, யாராச்சும் ஒண்ணாவது வாங்குங்களேம்மா, பேசியே என்னைக் கொல்றீங்களே" என்று அக்கா அடிக்கடி வாய்ஸ் மெசேஜில் கத்துவார்.

அடுத்து நர்ஸ். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. வெந்தயத்தை அடித்து விரட்டுவது அவள் பொறுப்பு. அப்புறம் சாமல்பட்டிக்காரி. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் வீடு. அவள் வாய்ஸ் மெசேஜ் போட்டால் பாதியில் ரயில் கூவும், அதற்கும் மேலே அவள் கூவுவாள். குரூப்பில் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள் என்றாலும் எனக்கு உயிர் இந்த மூன்று பேர்தான்.

இவ்வளவு ஒட்டுதல் இருந்தும் ஒருத்தி முகம் மற்றவளுக்குத் தெரியாது. எங்கள் குரூப்பில் போட்டோ என்றால் கழுத்துக்குக் கீழே மட்டும்தான். யாரும் சட்டம் போடவில்லை. முகத்தைப் போட்டால் அது யார் கைக்காவது போய்விடும் என்று ஒருத்தியை வீட்டுக்காரர் பயமுறுத்தி வைத்திருந்தார். இன்னொருத்திக்கு மாமியார் பயம். அப்படியே பழக்கமாகிவிட்டது. சேலை கட்டி, கண்ணாடி முன்னால் நின்று படம் எடுத்து, தலையை வெட்டிவிட்டுப் போடுவோம். எங்களை நாங்களே 'தலையில்லா முண்டங்கள்' என்று கேலி செய்துகொள்வோம். யாரைப் பற்றிப் பேசினாலும் 'அந்தக் கத்திரிப்பூ கலர் கட்டினவ', 'பச்சை சில்க் காட்டன்காரி' என்று சேலையை வைத்துத்தான் பேச்சு.

அதில் நான் 'ஃபுல் கைக்காரி'. எந்தச் சேலைக்கும் மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த ப்ளவுஸ்தான் போடுவேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அம்மாவைத்தான் படம் எடுக்கச் சொல்வேன். கிருஷ்ணகிரி வெயிலில் ஏன் இப்படிச் சாகிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் 'ஃபேஷன்' என்று ஒரே பதில். விஷயம் என்னவென்றால், என் இரண்டு கையிலும் வெண்புள்ளி. விரல் நுனியில் ஆரம்பித்து முழங்கை தாண்டி ஏறியிருந்தது. கம்பெனியில் எங்கள் லைனில் கையுறை கட்டாயம், அதனால் அங்கே பிரச்சினை இல்லை. பிரச்சினை எல்லாம் சொந்தக்காரர்கள்தான். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், நான் கொடுத்த காபி டம்ளர்களைத் தொடாமல் வைத்துவிட்டுப் போனார்கள். ஆறிப்போன அந்தக் காபியை வாசலில் கொட்டிவிட்டு, இனி எவனாவது என்னைப் பார்க்க வந்தால் காலை உடைப்பேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது. எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. சம்பாதிக்கிறேன், சாப்பிடுகிறேன், சேலை வாங்குகிறேன்.

ஆனால் தம்பி கல்யாணம் வந்தபோதுதான் குறை வைத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுப் போடுவான். மீதி இரண்டும் அவன் கூடப் பிறந்தவள் போட வேண்டியது, நாத்தனார் முடிச்சு. என் தம்பிக்குக் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது இந்தக் கையால்தான் கஞ்சி ஊட்டினேன். எனக்கென்று ஒரு மேடை இல்லாமல் போனதைப் பற்றி நான் அழவில்லை. அவன் மேடையில் அந்த இரண்டு முடிச்சு என்னுடையது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பங்காளி வீட்டுப் பெண்களுக்கெல்லாம் கல்யாணச் சேலை எடுத்துக் கொடுத்த அன்று என் பெரியம்மா வாயைத் திறந்தார். அப்பாவின் அண்ணன் மனைவி. நான்தான் அவருக்கு ஓசூர் அக்காவிடமிருந்து மாம்பழ மஞ்சளில் நாவல்பழ பார்டர் போட்ட சேலை வரவழைத்திருந்தேன். அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே சொன்னார்.

"ஏம்மே, நான் சொல்றேன்னு கோச்சுக்காத. மேடையில கேமராக்காரன் கிட்ட வச்சு எடுப்பான். பொண்ணு கழுத்துல உன் கை படணும். பொண்ணு வீட்டுக்காரங்க வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க, ஒட்டிக்குமோன்னு மனசுல நெனைப்பாங்க இல்ல? எம்பொண்ணு முடிச்சு போடட்டும். அவளும் இவனுக்குத் தங்கச்சி மொறதானே."

"நெனைக்கிறது அவங்களா, நீங்களா பெரிம்மா?" என்றேன்.

"பாத்தியா, பாத்தியா, நல்லதுக்குச் சொன்னா பாயறா" என்று அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார். நான் தம்பியைப் பார்த்தேன். அவன், "கல்யாண நேரத்துல எதுக்குக்கா சண்டை" என்று சொல்லிவிட்டுப் போனைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனான். பெரியம்மா சொன்னது எனக்கு எரிச்சல்தான். அவன் சொன்னதுதான் ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் குரூப்பைத் திறந்தால் ப்ளவுஸுக்குக் குஞ்சம் வைப்பதா வேண்டாமா என்று பெரிய சண்டை ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியவில்லை. கம்பெனி ஏசிக்காகப் போட்டிருந்த ஸ்வெட்டர் கையை மேலே இழுத்துவிட்டேன். டிபன் பை மேல் இரண்டு கையையும் நீட்டி வைத்து, பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் படம் எடுக்கச் சொல்லி, அப்படியே குரூப்பில் போட்டேன். 'இதுதான் என் ஃபுல் கை ஃபேஷன். இந்தக் கையால என் தம்பி கல்யாணத்துல தாலி முடிச்சு போடக் கூடாதாம், ஒட்டிக்குமாம். நான் எடுத்துக் குடுத்த புதுச் சேலைய மடியில வச்சுக்கிட்டு எங்க பெரியம்மா சொல்றாங்க. இப்ப குஞ்சத்தைப் பத்திப் பேசுங்க' என்று எழுதினேன்.

எல்லாரும் பார்த்ததற்கு நீல டிக் விழுந்தது. யாரும் ஒன்றும் எழுதவில்லை. பஸ் ஒரு ஸ்டாப் தாண்டியது, இன்னொரு ஸ்டாப் தாண்டியது. போச்சு, இவளுகளும் டம்ளரைத் தொடாமல் எழுந்து போய்விடுவாளுக என்று நினைத்தேன்.

முதலில் வந்தது சாமல்பட்டிக்காரி குரல், ரயிலோடு சேர்ந்து. "ஏம்மே, இதுக்காமே இத்தன வருசமா கைய மறைச்ச? எப்பப் பாத்தாலும் கை பின்னாடியே இருக்கே, பாவம் இவளுக்குக் கையே கெடையாது போலன்னு நெனச்சு நான் சாமிக்கு வேண்டிக்கிட்டு இருந்தேன்!"

பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தேன். சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அடுத்து நர்ஸ். "ஏட்டி, அது ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, கயித்து வழியாவும் ஒட்டாது. தோல்ல நெறம் போயிருக்கு, அம்புட்டுத்தான். தோல் டாக்டர்ட்ட காட்டுதியா, இல்ல எவளாவது வெந்தயம் தேய்க்கச் சொன்னான்னு தேய்ச்சிக்கிட்டு கெடக்கியா? அந்தப் பெரியம்மா நம்பரக் குடு, நான் பேசுதேன்."

ஓசூர் அக்கா கடைசியாக வந்தார். அவருக்கு எதுவும் துணியில்தான் தொடங்கும். "முதல்ல ப்ளவுஸ் பேசலாம். கல்யாணத்துக்கு ஃபுல் கை பேடா, வேணாம். முழங்கைக்கு மேல நிக்கற மாதிரி ஹாஃப் கை தெச்சுக்கோ. அந்த மேடையில நீதான் ஏறறே. நாங்க கீழ நின்னு பாக்கறோம்."

'நாங்க' என்றால்? மூன்று பேரும் வருவதாக முடிவு செய்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவே இல்லை. முகம் தெரியாதே, எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று ஒரு கேள்வி வந்தது. அதற்கு எங்கள் வழக்கப்படியே பதில். அவரவர் எந்தச் சேலை என்று சொல்லிவிட வேண்டியது. அக்காவுக்குப் பாட்டில் பச்சை. நர்ஸுக்கு வெங்காயத்தோல் கலர். சாமல்பட்டிக்காரி, 'அக்காகிட்ட போன மாசம் எடுத்தேனே, மாம்பழ மஞ்சள், நாவல்பழ பார்டர், அதேதான்' என்று போட்டாள். சூப்பர் சூப்பர் என்று நான் கை தட்டும் பொம்மையெல்லாம் அனுப்பினேன். அதே சேலை பெரியம்மாவிடம் இருப்பது அந்தச் சந்தோஷத்தில் எனக்கு அடியோடு மறந்துபோயிற்று. இரண்டையும் விற்ற அக்காவுக்கும் ஞாபகம் இல்லை.

மத்தூரில் எனக்கு ப்ளவுஸ் தைக்கிற அக்கா கையளவைக் கேட்டதும் டேப்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நெசமாவா?" என்றார். நெசமாகத்தான் என்றேன். தைத்து வந்ததைப் போட்டுக்கொண்டு வீட்டில் ஃபேன் அடியில் நின்றேன். கையில் காற்றுப்பட்டது அவ்வளவு சுகமாக இருந்தது. அம்மா உள்ளே வந்தவர் கதவருகே நின்று பார்த்தார். "கலர் நல்லா எடுத்திருக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, கொக்கி ஒன்று விட்டிருந்ததைப் போட்டுவிட்டுப் போனார்.

கல்யாணம் மத்தூரில் ஒரு மண்டபத்தில். காலையிலேயே பெரியம்மா வந்து என் கையைப் பார்த்தார், ப்ளவுஸைப் பார்த்தார், பல்லைக் கடித்தார். சட்டென்று சாமான் ரூம் சாவியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "தேங்கா, பழம், ஸ்வீட்டு எல்லாம் இங்கதான் இருக்கு. நீ நகந்தா ஒண்ணும் மிஞ்சாது. முகூர்த்தம் முடியற வரைக்கும் இங்கயே இரு" என்றார். சொந்தக்காரர்கள் ஒருத்தியைக் கண்ணில் படாமல் வைக்க நினைத்தால் இப்படித்தான் பெரிய பொறுப்பாகக் கொடுப்பார்கள். நான் சாவியை வாங்கிக்கொண்டேன். எனக்கு என் ஆட்கள் வர வேண்டியிருந்தது.

ரூம் கதவைத் திறந்து வைத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டில் பச்சை நுழைந்தது. குள்ளமாக, குண்டாக, தலை நிறைய ஓசூர் ரோஜா வைத்துக்கொண்டு ஒரு அம்மாள். அய்யோ, இதுதான் அக்காவா! குரலை வைத்து நான் நெட்டையாக நினைத்திருந்தேன். கையை ஆட்டினேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது மேடை ஓரத்தில் நின்றிருந்த மாம்பழ மஞ்சளை.

நேராகப் போய்ப் பெரியம்மாவின் தோளில் கையைப் போட்டார். மேளம் நின்றிருந்த நேரம். அக்காவின் குரலோ மூன்று மொழி சண்டை போட்டுப் பழகிய குரல்.

"சாமல்பட்டி! இப்பத்தானம்மா உன் மூஞ்சி பாக்கறேன். குரல் சின்னப் பொண்ணு மாதிரி இருக்கும், வயசாயிடுச்சே உனக்கு! சரி, அந்தப் பெரியம்மா எங்கே, காட்டு. நம்ம பொண்ணு கை பட்டா ஒட்டிக்கும்னு சொன்னாளாமே, அந்த மகராசி மூஞ்சிய நான் பாக்கணும்."

பெரியம்மா வாயைத் திறந்தார். அதற்குள் வெங்காயத்தோல் கலர் வந்துவிட்டது.

"ஏட்டி சாமல்பட்டி, வந்துட்டியா? அந்தப் பொம்பளய எனக்கும் காட்டு. ஒட்டுறதுக்கு அது என்ன பசையான்னு அவகிட்ட கேட்டுட்டுத்தான் நான் எலையில ஒக்காருவேன். அவளுக்குப் புதுச் சேல வேற எடுத்துக் குடுத்திருக்காளே இந்த இளிச்சவாச்சி!"

சாவியைக் கையில் பிடித்தபடியே ஓடினேன். "அக்கா... அக்கா, அவங்கதான் பெரியம்மா!"

அக்கா தோளிலிருந்து கையை எடுத்தார். என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், பெரியம்மாவின் சேலையைப் பார்த்தார். "ஹௌதா, இவங்களா?" என்றார். அந்த நேரம் பார்த்து மண்டப வாசலில் இன்னொரு மாம்பழ மஞ்சள், புருஷன் பைக்கிலிருந்து இறங்கி, "ஏம்மே ஃபுல் கைக்காரி, எங்கமே இருக்க?" என்று கூவிக்கொண்டே வந்தது. பெரியம்மா அந்தச் சேலையைப் பார்த்தார். கட்டியிருந்த தன் சேலையைக் குனிந்து பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. முன்வரிசையில் இருந்த பெண் வீட்டுப் பெண்களுக்கும் புரிந்திருக்க வேண்டும். அவர்களில் ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

"காபி கொட்டிக்கிச்சு, சேல மாத்திக்கிட்டு வர்றேன்" என்று பெரியம்மா பொதுவாகச் சொன்னார். ஒரு சொட்டுக் காபி இல்லை அந்தச் சேலையில். மடிப்பு எடுத்துவிட ஆள் வேண்டும் என்று முடிச்சுப் போட நின்றிருந்த மகளையும் இழுத்துக்கொண்டு மாடி ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நர்ஸ் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள், ஆஸ்பத்திரியில் பார்ப்பது மாதிரி. பிறகு, "பசிக்குதுட்டி, கையில இருக்கது ஸ்வீட் ரூம் சாவியா?" என்றாள். ஒரு லட்டு எடுத்து வந்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை, வாயைத் திறந்தாள். ஊட்டினேன். சாமல்பட்டிக்காரியும், "எனக்கு?" என்று வாயைத் திறந்துகொண்டு நின்றாள். அந்தச் சனியன்களைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது, ஆனால் கெட்டிமேளம் சொல்லிவிட்டார்கள்.

தம்பி மணவறையில் எழுந்து குனிந்தான். முதல் முடிச்சைப் போட்டான். "நாத்தனார் வாங்கோ" என்றார் ஐயர். யாரும் போகவில்லை. மாமா ஒருத்தர், "அந்தப் பொண்ணு மாடியில அவங்கம்மாவுக்குச் சேல கட்டிவிடப் போயிருக்கு, ஒரு ரெண்டு நிமிசம்" என்றார். மேளம் அடித்துக்கொண்டே இருந்தது.

நான் மேடையில் ஏறினேன். "நாத்தனார் இங்க இருக்கேன். தாலி கட்டறவனுக்கு அக்கா நான் ஒருத்திதான்" என்றேன். ஐயர் பக்கத்து மைக் என் குரலை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. மாமா ஏதோ சொல்ல வந்தார். "போ சாமி, நீ போ" என்று கீழேயிருந்து அம்மா குரல் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி முகத்தைத்தான் பார்த்தேன். கயிற்றின் இரண்டு நுனியும் அவன் கையில் இருந்தன. ஒரு கணம் தயங்கினான். பிறகு என் கையை இழுத்து, நுனிகளை என் விரலுக்குள் வைத்து மூடினான். அவன் கண் கலங்கியிருந்தது.

வீடியோ லைட் என் கைமேல் சுள்ளென்று விழுந்தது. வெள்ளை, மாநிறம், மஞ்சள் கயிறு எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. எங்கே பெண் கழுத்தைச் சுருக்கிக்கொள்வாளோ என்று ஒரு பயம். அவள் குனிந்தபடியே பின்னலை ஒரு கையால் ஒதுக்கிக் கழுத்தை எனக்குக் காட்டினாள். "அண்ணி, நல்லா இறுக்கிப் போடுங்க" என்றாள் மெதுவாக.

போட்டேன். இரண்டு முடிச்சும் போட்டேன். எவளும் அவிழ்க்க முடியாத மாதிரி போட்டேன். கீழேயிருந்து ஒரு விசில் பறந்தது. எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பெண் பிள்ளை விசில் அடித்தது அதுதான் முதல் தடவை. சாமல்பட்டிக்காரிதான், வேறு யார்?

பெரியம்மா நீலச் சேலையில் இறங்கி வந்தபோது பந்தி ஆரம்பித்திருந்தது. நானே அவர் இலையில் லட்டு வைத்தேன். என் கையையும் லட்டையும் மாறி மாறிப் பார்த்தார். எதிர் இலையில் நர்ஸ் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா லட்டை முழுசாகச் சாப்பிட்டார்.

கல்யாணம் முடிந்து சில நாளில் போட்டோக்காரர் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வீட்டுக்கு வந்தார். லேப்டாப்பில் அந்த முடிச்சுப் படம் வந்தது. திரை முழுக்க என் இரண்டு கை, ப்ளவுஸ் ஓரம் வரைக்கும். அவர் நல்ல மனுஷன்தான், குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். "அக்கா, கை கலர மட்டும் ஈவனா பண்ணிடலாம். யாருக்கும் தெரியாது."

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி, "வேணாண்ணா" என்றான். "அது எங்க அக்கா கை. அப்படியே இருக்கட்டும். அதைத்தான் மொதப் பக்கத்துல போடணும்."

அந்தப் படத்தை அன்றைக்கே குரூப்பில் போட்டேன். ஓசூர் அக்கா உடனே அதைக் குரூப் படமாக மாற்றிவிட்டார். அதுவரை அங்கே ஒரு ரோஜாப்பூ இருந்தது. எங்கள் வழக்கப்படியே இந்தப் படத்திலும் தலை இல்லை. முதல் கருத்தும் அக்காவுடையதுதான்: 'ப்ளவுஸ் கை அளவு கரெக்டா தெச்சிருக்கா. யாரு டைலர்?'